காகிதத்தில் ஓடும் நிரல்

அன்று 2008ஆம் ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31. அமெரிக்காவில் பல இளைஞர்கள் காலையில் எழுந்து தங்கள் கையடக்கப் பாட்டுக் கருவியை இயக்கினார்கள். திரையில் நிறுவனத்தின் சின்னம் தோன்றியது. அத்துடன் சரி. பாட்டு வரவில்லை. பொத்தான்களை எப்படி அழுத்தினாலும் பயன் இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘ஸூன் 30’ என்ற அந்த வகைக் கருவிகள் எல்லாம் ஒரே நாளில் இப்படி உறைந்து நின்றுவிட்டன.

மறுநாள் இன்னொரு வியப்பு. மின்கலம் முழுவதும் தீர்ந்துபோன கருவிகளுக்கு மறுபடியும் மின்னேற்றம் செய்தார்கள். எதுவுமே நடக்காததுபோல் அவை பாடத் தொடங்கின! யாரும் பழுது பார்க்கவில்லை. எந்தப் பாகத்தையும் மாற்றவும் இல்லை.

ஒரே ஒரு நாள் மட்டும் வந்து போன இந்த நோய் என்ன? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ‘கீழ்க்காணும் நிரலின் வெளியீடு யாது?’ என்று உங்கள் கணிப்பொறியியல் தேர்வில் ஒரு வினா வருமல்லவா? அதை முறையாகச் செய்யத் தெரிந்த மாணவருக்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். இந்தக் கட்டுரையில் நாமே அந்த நோயைக் கண்டுபிடிக்கப் போகிறோம். அப்படியே, தேர்வுக்குத் தயாராவதற்கான சில நல்ல பழக்கங்களையும் கற்றுக்கொள்ளப் போகிறோம். மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் பல ஆண்டுகளாகக் கையாண்டுவரும் பழக்கங்கள் அவை.

தேர்வுத்தாள் பேசாது

பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் ஒரு நிரலை, அதாவது புரோகிராமை, தட்டச்சு செய்கிறீர்கள். எங்கோ ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிற்று. உடனே கணிப்பொறி ‘இந்த வரியில் பிழை’ என்று சொல்லிவிடுகிறது. திருத்துகிறீர்கள். மறுபடியும் ஓட்டுகிறீர்கள். விடை தவறாக வந்தால் இன்னொரு மாற்றம் செய்து பார்க்கிறீர்கள். நான்கைந்து முறை முயன்றபின் சரியான விடை வந்துவிடுகிறது. ‘எனக்கு இந்த நிரல் தெரியும்’ என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

தேர்வுத்தாளில் நீங்கள் என்ன எழுதினாலும் அது பேசாமல் வாங்கிக்கொள்ளும். ‘பிழை’ என்று சொல்லாது. சொல்லப்போகிறவர் திருத்தும் ஆசிரியர். அதுவும் சில வாரங்கள் கழித்து, மதிப்பெண்ணின் வடிவில்!

பாடநூலில் உள்ள நிரலைப் படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தானே எழுதும்போது தடுமாறுகிறது என்று பல மாணவர்கள் சொல்வார்கள். இதில் வியப்பில்லை. கரையில் நின்று பிறர் நீந்துவதைப் பார்ப்பதும், தண்ணீரில் இறங்குவதும் ஒன்றாகுமா?

ஆனால், இயந்திரத்தின் உதவி உடனே கிடைக்காத நிலை உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1960களில் நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கணிப்பொறி நிலையத்தில் கொடுத்துவிட்டு வரவேண்டும். விடை கிடைக்கச் சில மணி நேரம் ஆகும். சில இடங்களில் மறுநாள்தான் கிடைக்கும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் ஒரு நாளே வீண். எனவே அக்கால நிரலாளர்கள் அட்டைகளைக் கொடுப்பதற்கு முன், மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தாமே ஓட்டிப் பார்த்தார்கள். இதற்கு மேசைச் சோதனை என்று பெயர். தேர்வு அறையில் நீங்களும் அவர்களைப் போன்ற நிலையில்தான் இருக்கிறீர்கள்.

முதல் பழக்கம்: நீங்களே கணிப்பொறி ஆகுங்கள்

இப்போது பாட்டுக் கருவிக்கு வருவோம். அதனுள் ஒரு கடிகாரம் உண்டு. குறிப்பிட்ட ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாட்கள் கடந்தன என்பதை மட்டுமே அது எண்ணி வைத்திருக்கும். அந்த எண்ணிலிருந்து இது எந்த ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள் என்று ஒரு சிறு நிரல் கணக்கிடும். உண்மையான நிரல் 1980ஆம் ஆண்டிலிருந்து எண்ணியது. நாம் வசதிக்காக 2007 ஜனவரி 1ஐ முதல் நாளாகக் கொள்வோம். நிரலின் சாரம் இதுதான்:

ஆண்டு = 2007 எனத் தொடங்கு.
நாள் 365ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை கீழ்க்கண்டதைத் திரும்பத் திரும்பச் செய்:
– ஆண்டு லீப் ஆண்டு என்றால்: நாள் 366ஐவிடப் பெரிதானால் மட்டும், நாளிலிருந்து 366ஐக் கழி, ஆண்டில் 1ஐக் கூட்டு.
– லீப் ஆண்டு இல்லை என்றால்: நாளிலிருந்து 365ஐக் கழி, ஆண்டில் 1ஐக் கூட்டு.

படித்துப் பாருங்கள். சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது, இல்லையா? வெறுமனே படித்தால் அப்படித்தான் தோன்றும். இனி ஓட்டிப் பார்ப்போம்.

ஒரு தாளில் ‘நாள்’, ‘ஆண்டு’ என்று இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். நிரலில் எத்தனை மாறிகள் உண்டோ, அத்தனை பத்திகள் வேண்டும். ஒரு மாறியின் மதிப்பு மாறும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டு, அதன் கீழே புதியதை எழுதவேண்டும். மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, எழுதவே வேண்டும். மனம் ‘இருக்கவேண்டிய’ மதிப்பைச் சொல்லும். தாளோ ‘இருக்கிற’ மதிப்பைச் சொல்லும்.

முதலில் 2008 டிசம்பர் 30. அது 730ஆம் நாள்.
முதல் சுற்று: 730, 365ஐவிடப் பெரிது. 2007 லீப் ஆண்டு அன்று. 365ஐக் கழிக்கிறோம். நாள் 365; ஆண்டு 2008.
அடுத்து: 365, 365ஐவிடப் பெரிதா? இல்லை. மடக்கு முடிந்தது. 2008ஆம் ஆண்டின் 365ஆம் நாள். சரியான விடை!

அடுத்தது 2008 டிசம்பர் 31. அது 731ஆம் நாள்.
முதல் சுற்று: 731, 365ஐவிடப் பெரிது. 2007 லீப் ஆண்டு அன்று. நாள் 366, ஆண்டு 2008.
இரண்டாம் சுற்று: 366, 365ஐவிடப் பெரிது. எனவே மடக்கின் உள்ளே செல்கிறோம். 2008 லீப் ஆண்டு. நாள் 366ஐவிடப் பெரிதா? இல்லை, சமம். எனவே கழிக்கவும் இல்லை; கூட்டவும் இல்லை.
மூன்றாம் சுற்று: நாள் அதே 366; ஆண்டு அதே 2008. மறுபடியும் உள்ளே செல்கிறோம். மறுபடியும் எதுவும் மாறவில்லை.
நான்காம் சுற்று... ஐந்தாம் சுற்று...

பிடித்துவிட்டோம்! செக்குமாடுபோல் நிரல் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முடிவில்லா மடக்கு என்று நூல்கள் சொல்வது இதைத்தான். கருவி பழுதாகவில்லை, ஓயாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அந்த வேலைக்கு முடிவுதான் இல்லை.

மறுநாள் எப்படித் தானாகவே சரியாயிற்று? 732ஐப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் 367 வரும். அது 366ஐவிடப் பெரிது. 366ஐக் கழித்தால் 1, ஆண்டு 2009. ஜனவரி முதல் நாள்! நோய் வந்த காரணத்தோடு, போன காரணமும் நம் தாளிலேயே கிடைத்துவிட்டது.

தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு நிரலைப் பத்து முறை வாசிப்பதைவிட, ஒருமுறை இவ்வாறு தாளில் ஓட்டிப் பாருங்கள். பாடநூலில் உள்ள ஒவ்வொரு மடக்குக்கும் இதைச் செய்தால், வெளியீடு கேட்கும் வினாக்கள் உங்களுக்கு அச்சம் தரமாட்டா.

இரண்டாம் பழக்கம்: எல்லையில் நின்று பாருங்கள்

இந்த நிரலை எழுதியவர் சோதித்துப் பார்க்காமலா இருந்திருப்பார்? ஏதேனும் ஒரு நாளைக் கொடுத்துப் பார்த்தால் விடை சரியாகத்தான் வந்திருக்கும். நான்கு ஆண்டுகளில் உள்ள 1461 நாட்களில் ஒரே ஒரு நாள்தான் இந்த நிரலைச் சிக்கவைக்கும். கண்ணை மூடிக்கொண்டு எறியும் கல் அந்த ஒன்றின்மீது விழுவது அரிது. ஆனால் எங்கே எறியவேண்டும் என்று தெரிந்தால்?

நிரலில் 365, 366 என்ற எண்கள் கண்ணெதிரே இருக்கின்றன. நிரல் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் இடங்கள் அவை. பிழைகள் பெரும்பாலும் இத்தகைய எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். எனவே எல்லைக்கு ஒன்று குறைவாக, எல்லையில், எல்லைக்கு ஒன்று கூடுதலாக என மூன்று மதிப்புகளைச் சோதிக்கவேண்டும். மென்பொருள் துறையினர் இதை எல்லை மதிப்புச் சோதனை என்பர். நாம் 730, 731, 732 என்று எடுத்துக்கொண்டது இதனால்தான்.

எல்லையைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 100 மீட்டர் நீளமுள்ள நேரான வேலிக்குப் பத்து மீட்டருக்கு ஒன்று வீதம் கம்பம் நடவேண்டும். எத்தனை கம்பங்கள் தேவை? பத்து என்று சொல்லிவிட்டீர்களா? படம் வரைந்து எண்ணுங்கள். பதினொன்று! இடைவெளிகள்தான் பத்து. மடக்குகளில் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும் இதே குழப்பத்தால்தான். பைத்தான் மொழியில் ரேஞ்ச்(1, 5) என்று எழுதினால் 1, 2, 3, 4 ஆகிய நான்கு எண்களே கிடைக்கும், 5 வராது. சி++ மொழியில் ‘5ஐவிடச் சிறியது’ என்பதற்கும், ‘5ஐவிடச் சிறியது அல்லது சமம்’ என்பதற்கும் ஒரு சுற்று வேறுபாடு. தேர்வில் மதிப்பெண்ணைத் தின்னும் எறும்புகள் இவை!

ஒரு பிழையைத் திருத்தும்போதும் கவனம் வேண்டும். பாட்டுக் கருவியின் நிரலில் ‘366ஐவிடப் பெரிதானால்’ என்பதை ‘366ஐவிடப் பெரிது அல்லது சமமானால்’ என்று மாற்றிவிட்டால் போதாதா என்று உங்களுள் சிலர் நினைத்திருப்பீர்கள். செய்து பாருங்கள். 731ஆம் நாளுக்கு இரண்டாம் சுற்றில் 366ஐக் கழித்தால் நாள் 0, ஆண்டு 2009. மடக்கு நிற்கிறது, உண்மைதான். ஆனால் விடை, 2009ஆம் ஆண்டின் பூஜ்யமாவது நாள்! அப்படி ஒரு நாள் எந்த நாட்காட்டியில் இருக்கிறது? ஒரு பிழை போய் வேறொரு பிழை வந்துவிட்டது.

சரியான வழி இது. முதலில் நடப்பு ஆண்டின் நீளம் 365ஆ, 366ஆ என்று கண்டுபிடிக்கவேண்டும். நாள் அந்த நீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே மடக்கினுள் செல்லவேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் புதிய ஆண்டின் நீளத்தைக் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும். இப்போது 730, 731, 732 மூன்றையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூன்றுமே சரியாக வரும். ஒரு திருத்தம் செய்தால், முன்பு சரியாக வந்த சோதனைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் மீண்டும் செய்வது மென்பொருள் துறையில் கட்டாயமான வழக்கம். தேர்வில் கடைசி நிமிடத்தில் ஒரு வரியை மாற்றுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

மூன்றாம் பழக்கம்: சோதனையை முதலில் எழுதுங்கள்

நிரலை எழுதி முடித்தபின் சோதனையைத் தேடுவதுதானே இயல்பு? கென்ட் பெக் என்னும் அமெரிக்க நிரலாளர் இதைத் தலைகீழாக்கினார். ‘முதலில் சோதனையை எழுது, பிறகு அதில் தேறும்படி நிரலை எழுது’ என்னும் முறையை அவர் பரப்பினார். இன்று உலகெங்கும் பல நிறுவனங்களில் இம்முறை கையாளப்படுகிறது.

இதைத் தேர்வில் எப்படிப் பயன்படுத்துவது? ‘கொடுக்கப்பட்ட எண்களுள் மிகப் பெரியதைக் காணும் நிரல் எழுதுக’ என்பது வினா. பேனாவை எடுத்ததும் நிரலைத் தொடங்காதீர்கள். எந்தெந்த எண்கள் வரலாம் என்று ஒரு நிமிடம் யோசித்து, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

4, 9, 2 என்றால் விடை 9.
ஒரே ஓர் எண், 6 என்றால் விடை 6.
5, 5, 5 என்றால் விடை 5.
–7, –3, –12 என்றால் விடை –3.

கடைசிச் சோதனையைக் கவனியுங்கள். பெரும்பாலான மாணவர்கள் ‘பெரியது = 0’ என்று தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் அதனுடன் ஒப்பிடுவார்கள். முதல் மூன்று சோதனைகளும் தேறிவிடும். நான்காவதில்? –7, பூஜ்யத்தைவிடப் பெரிதன்று, –3உம் அன்று, –12உம் அன்று. நிரல் ‘0’ என்று விடை சொல்லும். பட்டியலிலேயே இல்லாத எண்! லடாக்கிலுள்ள லே நகரின் குளிர்கால இரவு வெப்பநிலைகளை இந்த நிரலிடம் கொடுத்தால், நாள்தோறும் உறைநிலைக்குக் கீழே இருக்கும் மாதத்திலும் ‘மிக அதிகமான வெப்பநிலை 0’ என்று கூசாமல் சொல்லும். ‘பெரியது = பட்டியலின் முதல் எண்’ என்று தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

சோதனையை முதலில் எழுதியவர் –7, –3, –12 என்ற வரியைப் பார்த்த அடுத்த கணமே ‘பெரியது = 0’ என எழுதத் தயங்குவார். பிழை தாளில் ஏறுவதற்கு முன்பே தடுக்கப்படுகிறது.

லீப் ஆண்டைக் கண்டறியும் நிரலும் இப்படித்தான். 2023, 2024, 1900, 2000 ஆகிய நான்கு ஆண்டுகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 4ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு; ஆனால் 100ஆல் வகுபட்டால் அன்று; 400ஆல் வகுபட்டால் மறுபடியும் லீப் ஆண்டே. எனவே 2024, 2000 இரண்டும் லீப் ஆண்டுகள்; 2023, 1900 இரண்டும் அல்ல. இந்த நான்கு ஆண்டுகள் உங்கள் ஓரக்குறிப்பில் இருந்தால் எந்த நிபந்தனையும் விட்டுப்போகாது.

நான்காம் பழக்கம்: பழைய விடையைப் புதிய வினாவுக்கு ஒட்டாதீர்கள்

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஏரியான் 5 என்ற ஐரோப்பிய ராக்கெட் முதன்முதலாகப் பறந்தது. விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய நான்கு ‘கிளஸ்டர்’ செயற்கைக் கோள்கள் அதில் இருந்தன. சுமார் 40 விநாடிகளில் ராக்கெட் பாதையிலிருந்து சாய்ந்து, உடைந்து, வெடித்துச் சிதறியது. மனிதர் எவரும் அதில் இல்லை. ஆனால் அத்தனை உழைப்பும் புகையாகிவிட்டது.

காரணம் என்ன? ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண், 64 பிட் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. நிரல் அதை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. 16 பிட்டில் –32768 முதல் 32767 வரையுள்ள முழு எண்களே அடங்கும். வந்த எண்ணோ அதைவிடப் பெரிது. படியில் மரக்காலை அளந்து கொட்டினால் என்ன ஆகும்? வழிகாட்டும் கணிப்பொறி செயலிழந்தது. அதற்குத் துணையாக வைத்திருந்த மாற்றுக் கணிப்பொறியிலும் அதே நிரல்தான் இருந்தது. எனவே அதுவும் அதே காரணத்தால் செயலிழந்தது.

இந்த நிரல் புதிதாக எழுதப்பட்டதன்று. இதற்கு முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் அது ஒழுங்காகவே வேலை செய்தது. அந்த ராக்கெட்டின் பாதையில் அவ்வளவு பெரிய எண் வருவதில்லை. ஏரியான் 5 கிடைமட்டமாக இன்னும் விரைவாக வேகம் பிடிக்கும் ராக்கெட். பழைய நிரலைப் புதிய பாதைக்கு வைத்துச் சோதிக்காமல் விட்டுவிட்டார்கள். பழைய வினாவுக்கான சரியான விடையைப் புதிய வினாவுக்கு எழுதிவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

நீங்கள் சென்ற ஆண்டு வினாத்தாளிலிருந்து ஒரு நிரலை மனப்பாடம் செய்கிறீர்கள். இந்த ஆண்டு ‘1 முதல் என் வரை’ என்பதற்குப் பதில் ‘2 முதல் என் வரையுள்ள இரட்டை எண்கள்’ என்று வந்தால்? மனப்பாட விடை தானாகவே கையிலிருந்து இறங்கும். அந்த இடத்தில்தான் ஏரியான் 5ஐ நினைத்துக்கொள்ளவேண்டும். படித்த நிரலைப் பயன்படுத்துவது தவறன்று. பொறியாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் எது மாறியிருக்கிறது என்று கேட்ட பிறகே பயன்படுத்தவேண்டும்.

தரவினங்கள் பற்றிய பாடத்தை ‘வெறும் அட்டவணை’ என்று ஒதுக்கும் மாணவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். 16 பிட்டில் ஒரு பிட் குறிக்குப் போக மிச்சம் 15. இரண்டை 15 முறை பெருக்கினால் 32768. பூஜ்யத்தையும் சேர்த்து எண்ணுவதால் பெரிய எண் 32767. காரணம் தெரிந்துவிட்டால் அட்டவணையை உருப்போட வேண்டியதில்லை.

ஐந்தாம் பழக்கம்: இன்னொருவர் கண்ணைக் கடன் வாங்குங்கள்

நாம் எழுதியதை நாமே வாசித்தால், எழுத நினைத்ததைத்தான் வாசிப்போம். 1976இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன், நிரல்களைக் குழுவாக உட்கார்ந்து வரிவரியாகப் பரிசீலிக்கும் ஒரு முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். அதில் நிரலை வாசித்து விளக்குபவர், அதை எழுதியவர் அல்லர், வேறொருவர். கூட்டத்தின் நோக்கம் பிழையைக் கண்டுபிடிப்பது மட்டுமே. எழுதியவரை மட்டம் தட்டுவது அன்று. இன்று எந்த நல்ல மென்பொருள் நிறுவனத்திலும் மற்றொருவர் பார்க்காமல் ஒருவருடைய நிரல் பயன்பாட்டுக்குச் செல்வது அரிது.

நீங்களும் இதைச் செய்யலாம். மூன்று நண்பர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரே வினாவுக்கு மூவரும் தனித்தனியே தாளில் விடை எழுதுங்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, ஒவ்வொருவரும் மற்றவரின் நிரலை எல்லை மதிப்புகள் கொண்டு ஓட்டிப் பாருங்கள். பிழை கிடைத்தால் அந்த வரியின்கீழ் ஒரு கோடு. அவ்வளவுதான், கேலி கூடாது. தன் நிரலைப் பிறர் ஓட்டும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்றும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுத்தாளைத் திருத்துபவரின் அருகில் நின்று, ‘ஐயா, நான் அப்படி நினைக்கவில்லை’ என்று விளக்க முடியாதல்லவா?

நண்பர்கள் கிடைக்கவில்லையா? தங்கையிடமோ பாட்டியிடமோ ஒவ்வொரு வரியும் எதற்கு என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குக் கணிப்பொறி தெரியவேண்டும் என்பதில்லை. ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் ஆகிய இருவர் 1999இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற நூலில், மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதற்குத் தன் நிரலை விளக்கும் நிரலாளரைப் பற்றிய செய்தி வருகிறது! விளக்கிக்கொண்டே வரும்போது ‘இந்த வரி... இது... இது ஏன் இங்கே?’ என்று எந்த இடத்தில் நாக்குத் தடுமாறுகிறதோ, அந்த இடம் உங்களுக்குப் புரியவில்லை என்று பொருள்.

ஆறாம் பழக்கம்: பிழைக் குறிப்பேடு

1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் 2 என்ற பெரிய கணிப்பொறி தவறாக இயங்கியது. பொறியாளர்கள் தேடியபோது, உள்ளே ஒரு மின் இணைப்பியில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அவர்கள் அதை எடுத்து எறிந்துவிடவில்லை. அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தில் அதை ஒட்டி, நேரத்தையும் குறித்து வைத்தார்கள். பூச்சியோடு கூடிய அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிழையைப் ‘பூச்சி’ என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே, எடிசன் காலத்திலேயே, பொறியாளர்களிடையே இருந்தது. இங்கே உண்மையான பூச்சியே அகப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

நமக்குப் பாடம், அந்த ஒட்டும் பழக்கம்தான். மாதிரித் தேர்வுத்தாள் திருத்தி வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், தாளை மடித்து வைக்கிறோம். அதே பிழை அடுத்த தேர்விலும் வருகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நான்கு பத்திகள் போடுங்கள்: தேதி, நான் எழுதியது, சரியானது, ஏன் தவறினேன். கடைசிப் பத்தி மிகவும் முக்கியம். ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். ‘மடக்கு ஒரு சுற்று குறைந்தது’, ‘தொடக்க மதிப்புத் தரவில்லை’, ‘சி++ மொழியில் 7ஐ 2ஆல் வகுத்தால் முழு எண் 3தான் வரும் என்பதை மறந்தேன்’, ‘வினாவில் இறங்கு வரிசை, நான் ஏறு வரிசையில் எழுதினேன்’ என்று திட்டமாக எழுதுங்கள்.

இருபது பதிவுகள் சேர்ந்ததும் படித்துப் பாருங்கள். இருபதும் இருபது வகையாக இருக்கமாட்டா. மூன்று, நான்கு வகைகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுப் பாடநூலையும் புரட்டுவதைவிட, இந்த நோட்டைப் புரட்டுவது நல்லது. அது உங்களுக்காகவே எழுதப்பட்ட நூல்.

பிழைகள் நிறைய இருக்கின்றனவே என்று மனம் சோர வேண்டாம். அகராதியில் சொல் தேடுவதுபோல், வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் இருமத் தேடலை நீங்கள் படித்திருப்பீர்கள். அம்முறை 1946லேயே வெளியாகிவிட்டது. ஆனால் எல்லா அளவுப் பட்டியல்களுக்கும் பிழையின்றி வேலை செய்த வடிவம் 1960இல்தான் வெளியாயிற்று என்று டொனால்ட் கனூத் என்னும் கணிப்பொறி அறிஞர் குறிப்பிடுகிறார். அதன் பின்னும் கதை முடியவில்லை. ஜாவா மொழியோடு வழங்கப்பட்ட இருமத் தேடல் நிரலிலேயே ஒரு பிழை இருந்தது 2006இல் தெரியவந்தது. நடு இடத்தைக் காண இரு முனை எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். பட்டியல் மிக மிக நீளமானால், அந்தக் கூட்டுத்தொகை 32 பிட்டின் எல்லையாகிய 2,147,483,647ஐத் தாண்டிவிடும். ஏரியான் 5இல் கண்ட அதே படியும் மரக்காலும்! பேரறிஞர்களுக்கே இப்படி என்றால், நாம் சோதித்துப் பார்ப்பதில் வெட்கம் என்ன?

தேர்வு நாளன்று

வினாவை இருமுறை வாசியுங்கள். கொடுக்கப்பட்டவை எவை, கேட்கப்படுவது எது, நிபந்தனை என்ன என்று கோடிட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் மூன்று சோதனை மதிப்புகள் எழுதுங்கள். அவற்றில் ஒன்றேனும் எல்லை மதிப்பாக இருக்கட்டும். பிறகு நிரலை எழுதுங்கள். நீண்ட நிரல் என்றால் சிறு சிறு செயற்கூறுகளாகப் பிரியுங்கள். ஒன்று தவறினாலும் மற்றவை நிற்கும். கடைசிப் பத்து நிமிடத்தை மேசைச் சோதனைக்கென ஒதுக்கி வையுங்கள். பத்திகள் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

இப்பழக்கங்கள் தேர்வோடு முடிந்துவிடுபவை அல்ல. பாட்டுக் கருவி ஒரு நாள் நின்றால் பெரிய நட்டமில்லை. ஆனால் இன்று மருத்துவமனையில் மருந்தின் அளவைக் கட்டுப்படுத்துவதும், ரயில் பாதையில் சைகை தருவதும், வங்கியில் உங்கள் தந்தையாரின் சேமிப்பை எண்ணி வைத்திருப்பதும் நிரல்களே. நாளை அவற்றுள் ஒன்றை எழுதப்போகிறவர் நீங்களாக இருக்கலாம். ‘சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது’ என்பதை ஏற்காமல் ஓட்டிப் பார்க்கும் கை, இந்தச் சிறிய தேர்வில்தான் பழகவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பேருந்து புறப்படும் நேரத்தைக் கொடுத்தால், 50 நிமிடம் கழித்து அது சேரும் நேரத்தைச் சொல்ல ஒரு மாணவர் எழுதிய படிமுறை இது. நேரம் 24 மணிக் கணக்கில் தரப்படும்.

நிமிடத்துடன் 50ஐக் கூட்டு.
நிமிடம் 60ஐவிடப் பெரிதானால், நிமிடத்திலிருந்து 60ஐக் கழி. மணியில் 1ஐக் கூட்டு.
மணியையும் நிமிடத்தையும் அச்சிடு.

8 மணி 20 நிமிடத்துக்கு இது 9 மணி 10 நிமிடம் என்று சரியாகவே சொல்கிறது. ஆனால் இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. எந்தெந்த நேரங்களைக் கொடுத்தால் அவை வெளிப்படும்? விடையைப் பார்க்கும் முன் பேனாவை எடுங்கள்!

விடை: 9 மணி 10 நிமிடத்தைக் கொடுத்தால் ‘9 மணி 60 நிமிடம்’ என்று வரும். ‘60ஐவிடப் பெரிது’ என்பது ‘60ஐவிடப் பெரிது அல்லது சமம்’ என்று இருக்கவேண்டும். 23 மணி 40 நிமிடத்தைக் கொடுத்தால் ‘24 மணி 30 நிமிடம்’ என்று வரும். மணி 24ஐ எட்டினால் அதை 0 ஆக்கும் வரி ஒன்று சேர்க்கப்படவேண்டும். திருத்தியபின் 8 மணி 20 நிமிடத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்தீர்களா?